பதினோரு அப்ரூவல்

பீர்க்கன்கரணை
4 ஆகஸ்ட் 2024

ரமாக்கா,

இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவள் இப்போது கடுதாசி போடுகிறாளே என்று பார்ப்பீர்கள். கோபம் தீர்ந்துவிடவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன் பண்ணலாம் என்றால் பயமாக இருக்கிறது. நம் வாட்ஸப் குழுவில் ஓவர்டைம் பற்றி நான் போட்ட ஒவ்வொரு வரியும் பிரின்ட் ஆகி நம் ஆப்பரேஷன்ஸ் தலைவர் பிரசன்னா சார் மேசையில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பதினாறு பேர் இருந்த குழு. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். லிஃப்ட் வாசலில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள். இப்போது என் வக்கீல் டேனியல் சார், "கேஸ் முடியற வரைக்கும் போன்ல எதுவும் வேணாம்மா" என்கிறார். அதனால்தான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். ஒன்றரை மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிய வேண்டிய ஷிப்ட், மூன்று வருஷமாகப் பன்னிரண்டு, ஒன்று என்று இழுத்ததே, அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் வேண்டும் என்பதுதான் மனு. கம்பெனியின் பதில் போன வாரம் வந்தது. "மனுதாரர் உதவி மேலாளர். நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். எனவே ஓவர்டைம் அவருக்குப் பொருந்தாது." அமெரிக்காவில் எவனோ வீடு வாங்க லோன் கேட்கிறான். அவன் சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் வரி வரியாகச் சரிபார்க்கிறவள் நான். நான் நிர்வாகமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் அது நின்றுவிட்டது.

அங்கே ஆதாரம் வைத்திருக்கிறார்கள். மூன்று ட்ரெய்னிகளின் லீவுக்கு நான் அனுமதி கொடுத்தேனாம். என் ஐடியில் பதினோரு தடவை அப்ரூவ் அழுத்தப்பட்டிருக்கிறதாம். தேதி, நேரம் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பையன்கள் எனக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. லீவு கொடுக்கிற அதிகாரம் இருந்தால் சட்டப்படி மேனேஜர் என்றுதான் வாதாடுவார்கள் என்கிறார் டேனியல் சார். "நெஜமாவே நீங்க அழுத்தலையாம்மா?" என்று என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இரண்டு நாள் அந்தப் பட்டியலையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தேதிகள் உறைத்தன. மார்ச் 14, மார்ச் 19, மார்ச் 22, ஏப்ரல் 3. எல்லாம் இந்த வருஷத்து ரமலான். நேரம் 6.31, 6.38, 6.29, 6.44. பதினொன்றும் நோன்பு திறக்கிற நேரம். அப்போது நான் மூன்றாவது மாடி பான்ட்ரியில் பேரீச்சம்பழத்தோடு நிற்பேன், அப்புறம் அங்கேயே ஒரு மூலையில் தொழுவேன். ஏழு நிமிஷம் மௌஸ் அசையாவிட்டால் ஸ்க்ரீனில் பெயர் சிவப்பாகி, ஆள் சீட்டில் இல்லை என்று காட்டிவிடும் என்று, என் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை நகர்த்திக்கொண்டிருந்தவர் யார்? நீங்கள்.

செப்டம்பர் 9 விசாரணை. நீங்கள் வந்து, அதை அழுத்தியது நான்தான் என்று சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்ல முடியாது.

ஷாயிஸ்தா


ராஜகீழ்ப்பாக்கம்
11.8.2024

அன்புள்ள ஷாயிஸ்தா,

அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? நடக்கிறார்களா? நான் கேட்டதாகச் சொல்.

முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து வீட்டு முகவரிக்கு எழுதாதே. உன் கவரை வாங்கியது அவர்தான். "இந்தக் காலத்துல யாரு ரமா லெட்டர் போடறா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துத் தோழி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். இங்கே ஜங்ஷனில் எப்சி டெய்லரிங் என்று ஒரு கடை. எனக்கும் மகள் ப்ரியாவுக்கும் தைக்கிற அக்காவுடையது. அவரிடம் சொல்லியிருக்கிறேன். இனி அந்த முகவரிக்குப் போடு.

என் வீட்டுக்காரருக்கு ஜனவரியிலிருந்து வேலை இல்லை. இதை ஆபீஸில் யாரிடமும் நான் சொல்லவில்லை, உன்னிடமும். தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து உட்காருகிறார். ப்ரியா பொத்தேரியில் காலேஜ் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். இந்த ஃப்ளாட்டின் கடன் என் பெயரில் ஓடுகிறது. ஊரார் வீட்டுக் கடனை எல்லாம் சரிபார்க்கிறவளுக்குத் தன் வீட்டுக் கடன் தாளை எடுத்துப் பார்க்கவே தைரியம் இல்லை. இதைச் சொன்னது உன் பரிதாபத்துக்காக இல்லை. என் நிலைமை உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

நீ கேட்ட விஷயம். ரமலானில் உன் சீட்டில் சில நாள் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. மற்றது எதுவும் சரியாக ஞாபகம் இல்லை ஷாயிஸ்தா. ஸ்க்ரீனில் எத்தனையோ பாப்பப் வரும், எத்தனையோ அழுத்துகிறோம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. அந்த வாட்ஸப் விஷயம். நான் கொடுக்கவில்லை. லிஃப்ட் வாசலில் அத்தனை பேர் எதிரில் நீ கேட்டபோது அவமானமாக இருந்தது. அதுதான் பதில் சொல்லாமல் போனேன். ப்ரியாவை விடச் சற்றுப் பெரியவள் மாதிரி உன்னை நினைத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரமா


பீர்க்கன்கரணை
16 ஆகஸ்ட்

ரமாக்கா,

வாட்ஸப் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். அண்ணன் வேலை போனதை நீங்கள் சொல்லாமலே வைத்திருந்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் ஞாபகம் இல்லை என்று எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. 2019இல் வந்த ஃபைலில் ஒருத்தன் பழைய சம்பளச் சீட்டில் தேதியைத் திருத்தியிருந்தான் என்று ஐந்து வருஷம் கழித்து ஆடிட்டில் பெயரோடு சொன்ன ஆள் நீங்கள். உங்களுக்கு மார்ச் மாதம் மறந்துவிட்டதா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?

நான் ஏன் இந்த வம்பில் இறங்கினேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஏப்ரல் மாதக் கடைசி. ஒரு ஃபைலுக்காக அமெரிக்கா டீமோடு கால். அந்தப் பக்கம் இருந்த பொம்பளை, நான் பார்க்கிற அதே வேலையைப் பார்க்கிறவள், என் நேரம் முடிந்துவிட்டது, இதற்கு மேல் உட்கார்ந்தால் ஓவர்டைம் கேட்க வேண்டிவரும், அதற்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மிச்சத்தை நான் முடித்தேன். மறுநாள் பிரசன்னா சாரிடம் போய்க் கேட்டேன். "நீங்க மேனேஜர் ஷாயிஸ்தா. மேனேஜருக்கு ஏது ஓவர்டைம்?" என்று சிரித்தார். அதே வாரம், ராத்திரி வேலை பார்த்த பையன்களுக்கு வாங்கிய டீ பில் அறுபது ரூபாய்க்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உங்களுக்கு அதற்கு அதிகாரம் இல்லை என்று அக்கவுன்ட்ஸில் திருப்பி அனுப்பினார்கள். டீக்குக் கையெழுத்துப் போட முடியாத மேனேஜர் உலகத்தில் எங்கேயாவது உண்டா?

எனக்கு அந்தப் பதினொன்றைப் பற்றிய உண்மை வேண்டும். ஞாபகம் இல்லை என்று இன்னொரு தடவை எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

ஷாயிஸ்தா


ராஜகீழ்ப்பாக்கம்
25.8.2024

அன்புள்ள ஷாயிஸ்தா,

ஒரு வாரமாக உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கம்பெனிக் கேட்டில் பையைச் சோதிக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது.

ஆமாம். நான்தான் அழுத்தினேன்.

முதல் தடவை நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ கஞ்சி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேலே போன ஐந்து நிமிஷத்தில் பிரசன்னா சார் வந்தார். உன் நாற்காலியில் நான் இருப்பதை அவர் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவர் திட்டவில்லை. "பரவால்ல ரமா, அட்ஜஸ்ட் பண்ணிக்கறீங்க, குட்" என்றார். அப்புறம் குனிந்து ஸ்க்ரீனைக் காட்டி, "இந்த மூணு ட்ரெய்னி லீவு ஷாயிஸ்தா ஐடில பெண்டிங்ல இருக்கு. ஆடிட்டுக்கு க்ளோஸ் ஆகணும். அப்ரூவ் குடுத்துடுங்க" என்றார். திட்டாமல் விட்டாரே என்ற நிம்மதியில் அழுத்தினேன். அடுத்தடுத்த நாளும் வந்தார். ஒரு பாப்பப்பை மூடுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உனக்குக் கெடுதல் வரும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

போன புதன்கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். "யார் சீட்ல யார் உக்காந்தாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐடி ஷேர் பண்றது எவ்ளோ பெரிய செக்யூரிட்டி வயலேஷன்? அன்னிக்கே ரெண்டு பேரையும் வெளியே அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பினேனா?" என்று கேட்டார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். ஷாயிஸ்தா ட்ரெய்னிகளை மேற்பார்வை பார்த்தார், லீவு கொடுத்தார் என்று என் பெயரில் டைப் அடித்திருந்தது. வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது.

நான் வந்து உண்மையைச் சொன்னால் அன்று சாயங்காலமே என் அடையாள அட்டையைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். அது மட்டும் இல்லை, உனக்கும் ஆபத்து. பாஸ்வேர்டைக் கொடுத்தவள் நீ. இப்போது உன்னை நிறுத்தியதற்கு நடத்தை சரியில்லை என்று ஏதோ எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு பாஸ்வேர்ட் விஷயம் பதிவானால் வேறு எந்த லோன் கம்பெனியும் உன்னைச் சேர்க்காது. இதை நீ யோசித்தாயா? என் பயத்தை மறைக்கத்தான் இதைச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் யோசி.

ரமா


பீர்க்கன்கரணை
30 ஆகஸ்ட்

ரமாக்கா,

உண்மையை எழுதியதற்கு நன்றி. படித்ததும் அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய், "என்னடி, கேஸ் தோத்துப் போச்சா?" என்று கேட்டார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோன்பு திறக்கப் போகிறவளுக்காக உட்கார்ந்தீர்கள். அந்த முப்பது நாளும் என் பெயர் ஒரு தடவைகூடச் சிவப்பாகவில்லை. அதற்கு நான் கொடுத்தது ஒரு டம்ளர் கஞ்சி. அந்த நல்ல மனசைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் குனிந்து ஸ்க்ரீனைக் காட்டியிருக்கிறான். சார் போட மனசு வரவில்லை, விட்டுவிடுங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தை டேனியல் சாரிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரிதான், எனக்கும் அடி விழும். ஆனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். விசாரணையில் என் பாஸ்வேர்டை நான்தான் ரமா மேடத்துக்குக் கொடுத்தேன், நோன்பு திறக்கப் போகும்போது சிஸ்டம் சிவப்பாகக் கூடாது என்று கொடுத்தேன் என்பேன். பழியில் பாதி என் தலையில் இறங்கிவிடும். மிச்சத்தை நீங்கள் சொன்னால் போதும்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். கம்பெனி ரிலீவிங் லெட்டர் தரவில்லை. மூன்று இன்டர்வியூ போனேன், மூன்று இடத்திலும் அதைத்தான் கேட்டார்கள். என் தம்பி ஜமீர் பெருங்களத்தூரில் ஏசி மெக்கானிக் கடை வைத்திருக்கிறான், தெரியும் இல்லையா? அவன் தினமும் சாப்பிட உட்காரும்போது ஆரம்பிக்கிறான். "வேலையும் பூட்ச்சி. இப்போ கேஸு வேற. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? பெரிய கம்பெனிக்காரன் முன்னாடி நாம இன்னா கீறோம்?" பாசத்தில்தான் சொல்கிறான். அவன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேனே என்று பாதியிலேயே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

கேஸ் தோற்றால் எனக்கு மட்டும் இல்லை. நம் குழுவில் இன்னும் பதினான்கு பேர் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

9ஆம் தேதி காலை பதினோரு மணி. வருவீர்கள் என்று நம்புகிறேன். இன்ஷா அல்லாஹ்.

ஷாயிஸ்தா


ராஜகீழ்ப்பாக்கம்
5.9.2024

ஷாயிஸ்தா,

அவசரத்தில் எழுதுகிறேன். எப்சி அக்கா கடையில், தையல் மெஷின் மேலேயே வைத்து. சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, வீட்டில் ஆள் நடமாட்டம், தனியாக உட்கார இடமில்லை.

9ஆம் தேதி வருகிறேன். வருவது நிச்சயம்.

நான் உள்ளே வரும்போது மட்டும் என்னைப் பார்க்காதே. நீ பார்த்தால் எனக்கு வாய் வராது.

ரமா


பீர்க்கன்கரணை
10 செப்டம்பர்

ரமா மேடம்,

நீங்கள் வந்தீர்கள். பிரசன்னாவின் காரிலிருந்து இறங்கினீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்காதே என்று எழுதியது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் வந்து சேரும் முன்பே நான் சொல்லி முடித்துவிட்டேன். பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான் என்று. அதிகாரி அதை எழுதிக்கொண்டார். என் எதிர்காலத்தை நானே ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வந்து மிச்சத்தைச் சொல்வீர்கள் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அவர்கள் பக்கத்துச் சாட்சியாக நின்றீர்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். "ஷாயிஸ்தா லீவ் அப்ரூவ் பண்ணுவாங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா சார்." "அவங்க ஐடியை வேற யாராவது யூஸ் பண்ணதுண்டா?" என்று டேனியல் சார் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது சார்."

இப்போது நான் பாஸ்வேர்டைக் கொடுத்தவள், அதோடு பொய் சொன்னவள். உங்களை யாரும் கட்டிப் போட்டு இழுத்து வரவில்லை. வராமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால்கூட உங்கள் நிலைமை எனக்குப் புரிந்திருக்கும்.

வெளியே வரும்போது டேனியல் சார் ஒன்று சொன்னார். அதிகாரி உங்களிடம், "உங்க வேலை என்னம்மா?" என்று கேட்டாரே. மேனேஜர் என்றீர்கள். "யாரை மேனேஜ் பண்றீங்க?" என்றதற்கு, நீங்கள் பிரசன்னா முகத்தைப் பார்த்தீர்களாம். தலை குனிந்து உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. நீங்கள் சொன்னபடியே உங்களைப் பார்க்காமல் இருந்தேன், மடச்சி.

அடுத்த விசாரணை அக்டோபர் 7. அன்றோடு சாட்சி முடிகிறது. அதற்குள் மனுவை வாபஸ் வாங்குவதா என்று டேனியல் சாரோடு பேசப் போகிறேன். நீங்கள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆமாம், நான்தான் அழுத்தினேன் என்று உங்கள் கையாலேயே எழுதியது. அதைக் கொடுத்தால் போதும் என்கிறான் ஜமீர். நான் கொடுக்க மாட்டேன். நம்பிக்கையில் எழுதியதை உங்களுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தால், வாட்ஸப்பைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது.

இனி எழுத வேண்டாம்.

ஷாயிஸ்தா


ராஜகீழ்ப்பாக்கம்
22.9.2024

அன்புள்ள ஷாயிஸ்தா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

5ஆம் தேதி எழுதியபோது உண்மையைச் சொல்லத்தான் வருவதாக இருந்தேன். 6ஆம் தேதி பிரசன்னா சார் அந்தத் தாளைக் கேட்டார். அவர் அறைக்குள் ஹெச்ஆர் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். என் ஃபைல் மேசை மேல் இருந்தது. யாரும் எதுவும் மிரட்டவில்லை. ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சும்மா வைத்திருந்தார்கள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று, மறுநாள் கொழுக்கட்டைக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போன வியாழக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நம் வரிசையில் கடைசி சீட் சின்னப்பன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவசரமாகப் போனதில் சிஸ்டத்தைப் பூட்டாமல் போய்விட்டார். பிரசன்னா சார் என்னிடம் வந்து, "ரமா, சின்னப்பன் சீட்ல ரெண்டு நிமிஷம் உக்காருங்க. நாலு லீவ் பெண்டிங்ல இருக்கு. அப்ரூவ் குடுத்துடுங்க" என்றார். நான் என் சீட்டிலிருந்து எழவில்லை. "டிசம்பருக்குள்ள எல்லா ஐடிலயும் கொஞ்சம் அப்ரூவல் இருக்கணும்னு லீகல் டீம்ல சொல்றாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார், ஸ்டேஷனரி வாங்குகிற மாதிரி. நான் போய் உட்கார்ந்தேன். மௌஸில் கை வைத்தேன். சின்னப்பனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், சின்னவளுக்கு ஆஸ்துமா, உனக்குத் தெரியுமே. எழுந்து வந்துவிட்டேன். "என்னால முடியல சார்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷத்தில் வேறு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யார் என்று எழுத மாட்டேன். அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.

உன் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இவ்வளவு நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எப்சி கடை விலாசம் உட்பட. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் வந்து, "இன்னும் எத்தனை மாசம் EMI கட்ட முடியும்னு கணக்குப் பாத்தேன். அஞ்சு மாசம்" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ப்ரியாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை. நாளை திங்கட்கிழமை காலை ஹெச்ஆரிடம் அடுத்த தாளில் இருக்கும் வாக்குமூலத்தின் நகலை நானே கொடுத்துவிடப் போகிறேன். அவர்கள் வேறு யார் வழியாகவும் தெரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு தடவை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன். முன்பு பொய் சொன்னதற்கு என்ன தண்டனை வரும் என்று எனக்குத் தெரியாது, டேனியல் சாரிடம் கேட்டுச் சொல். மனுவை வாபஸ் வாங்காதே. வாங்கியிருந்தால் மறுபடி போட முடியுமா என்று கேள்.

அடுத்த தாளை மட்டும் தனியாக எடுத்து டேனியல் சாரிடம் கொடு. அதை நீ மறைத்து வைக்க வேண்டியதில்லை. 7ஆம் தேதி நான் பஸ்ஸில் வருகிறேன். இந்தத் தடவை என்னைப் பார்.

ரமா


22.9.2024

தொழிலாளர் அலுவலக அதிகாரி அவர்களுக்கு,

செப்டம்பர் 9ஆம் தேதி உங்கள் முன் நான் சொன்ன இரண்டு பதில்கள் பொய். ஷாயிஸ்தாவின் ஐடியை வேறு யாரும் பயன்படுத்தியது எனக்குத் தெரியாது என்றேன். பயன்படுத்தியது நான். 2024 ரமலான் மாதத்தில் அவர் நோன்பு திறக்கப் போகும் நேரத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய ஐடியில் பதினோரு லீவு விண்ணப்பங்களுக்கு நான் அனுமதி அழுத்தினேன். அழுத்தச் சொன்னவர் எங்கள் ஆப்பரேஷன்ஸ் தலைவர் பிரசன்னா. நான் அந்த நாற்காலியில் இருப்பது அவருக்குத் தெரியும். ஷாயிஸ்தாவுக்கு இது தெரியாது. அவர் லீவு அனுமதித்து நான் பார்த்ததில்லை. ஷாயிஸ்தா லீவு கொடுப்பார் என்று சொன்னதும், அப்படிச் சொல்லும் தாளில் கையெழுத்திட்டதும் தவறு. கையெழுத்திட்டது வேலை போய்விடும் என்ற பயத்தில்.

அன்று என்னிடம், உங்கள் வேலை என்ன, யாரை மேனேஜ் பண்ணுகிறீர்கள் என்று கேட்டீர்கள். முதல் கேள்விக்கு மேனேஜர் என்றேன், இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பெயர்: ரமா ஷ்யாம்சுந்தர்
வயது: 44
வேலை: வீட்டுக் கடன் ஃபைல் சரிபார்ப்பது, பதினாறு வருஷமாக
எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள்: ஒருவரும் இல்லை